எச்சரிக்கையும் மரக்கலமும்

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள், தவறாமல் இரண்டு பேச்சுக்கள் கிளம்புகின்றன. "அல்லாஹ்வின் தண்டனை இது, செய்த பாவம் சும்மா விடுமா?" என்பது ஒன்று. "முன்கூட்டியே சொன்னார்கள் அல்லவா? கேளாமல் இருந்தது யார் குற்றம்?" என்பது மற்றொன்று. முதற் பேச்சில் பக்தி இருப்பதுபோல் தோன்றும்; இரண்டாவதில் அறிவு இருப்பதுபோல் தோன்றும். இரண்டையும் சொல்பவர் பெரும்பாலும் நனையாத வீட்டில், கையில் தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்தே சொல்கிறார் என்பதை நாம் கவனித்திருக்கிறோம். நாமும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவர்களே. ஆகையால் இதை எழுதுவது பிறரைக் குறை கூறுவதற்கு மட்டுமன்று.

2005-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை காலையில், அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கரையில் 'கத்ரீனா' என்னும் சூறாவளி ஏறியது. அட்லாண்டிக் கடலில் எழுவதை அவர்கள் 'ஹரிக்கேன்' என்பார்கள். நம் வங்கக் கடலில் எழுவது 'சைக்ளோன்' எனப்படும். பெயர்தான் வேறு, பொருள் ஒன்றே. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கிற்று. அச்சூறாவளியால் இறந்தோர் தொகை 1,800-க்கு மேல் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2023-இல் அந்நாட்டுச் சூறாவளி மையம் மறுபடியும் கணக்கிட்டு 1,392 என்று திருத்தியது. உலகிலேயே செல்வம் மிகுந்த நாட்டில், வானத்தில் செயற்கைக் கோள்கள் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது.

எச்சரிக்கை வந்ததா என்றால், வந்தது. சனிக்கிழமை இரவே அந்தக் கரைக்குச் சூறாவளி எச்சரிக்கை விடுக்கப்பட்டாயிற்று. ஞாயிறு காலையில் வானிலை அலுவலகம் ஒன்றிலிருந்து வெளியான அறிக்கையில், ஊரின் பெரும்பகுதி பல வாரங்களுக்குக் குடியிருக்கத் தகுதியற்றதாகிவிடும், குடிநீர் இன்றி மக்கள் படும் துயரம் இக்காலத்தில் கண்டிராததாக இருக்கும் என்ற கருத்தில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. அதை எழுதிய அதிகாரி, அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வரியாகப் படித்து எதையாவது நீக்க முடியுமா என்று தேடியதாகவும், நீக்குவதற்கு ஒன்றும் அகப்படவில்லை என்றும் பின்னர் கூறினார். அன்று காலையிலேயே நகர மேயர், அந்நகரின் வரலாற்றில் முதன்முறையாக, எல்லோரும் கட்டாயம் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த வட்டாரத்திலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறவும் செய்தார்கள். தங்கிவிட்டவர்கள் பல பதினாயிரம் பேர்.

முதற் பேச்சை முதலில் பார்ப்போம். அமெரிக்கப் பாதிரிமார் சிலர், அந்நகரின் கேளிக்கைகளுக்காக இறைவன் அனுப்பிய தண்டனை இது என்றார்கள். முஸ்லிம் உலகிலும் சிலர் சும்மா இருக்கவில்லை. இராக் மீது படையெடுத்த நாட்டைத் தாக்க வந்த இறைவனின் சிப்பாய் என்று எழுதியவர்கள் உண்டு. நம் ஊர்த் திண்ணைகளிலும் இதே பேச்சு அடிபட்டது. ஆனால் நடந்தது என்ன? மதுக்கடைகளுக்கும் ஆட்டபாட்டங்களுக்கும் பெயர் போன பழைய 'பிரெஞ்சுக் குடியிருப்பு', ஆற்றோரத்து மேட்டு நிலத்தில் அமைந்திருந்ததால் பெரும்பாலும் வெள்ளத்துக்குத் தப்பிற்று. வசதியுள்ளோர் வாழ்ந்த சில பகுதிகளும் மூழ்கின, உண்மைதான். ஆயினும் முழுக்க அழிந்தது, உழைத்துப் பிழைக்கும் கறுப்பின மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சொந்த வீடு கட்டி வாழ்ந்த 'லோயர் நைன்த் வார்டு' போன்ற இடங்களே. லூசியானாவில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதைக் கடந்தவர்கள். ஒரு முதியோர் இல்லத்தில் மட்டும் 35 பேர் நீரில் மூழ்கி மாண்டனர். படுக்கையிலிருந்து எழ முடியாத கிழவியைப் பிடித்து, படையெடுத்தவனுக்குப் பாடம் கற்பிக்கிறான் என்று அல்லாஹ்வைப் பற்றிச் சொல்ல நமக்கு எப்படி நாக்கு வருகிறது?

ஆது கூட்டத்தார் காற்றினால் அழிக்கப்பட்டது தண்டனையே என்று நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். ஏன்? அதை அனுப்பியவனே நமக்கு அறிவித்ததனால். வஹீ நின்றுபோன பிறகு எழும் புயல்களில் எது சோதனை, எது தண்டனை, எது வெறும் பருவகாலத்து நிகழ்ச்சி என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் தரப்படவில்லை. நீரில் மூழ்கி இறக்கும் முஃமினை ஷஹீதுகளின் கணக்கில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்துச் சொல்லியிருப்பதை நம் ஆலிம்கள் மிம்பரில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறார்கள். ஷஹீதையும் தண்டிக்கப்பட்டவனையும் ஒரே வெள்ளம் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டு போகிறது. கரையில் நிற்பவனுக்கு வேறுபாடு தெரியாது.

நமக்கு வேறொரு நினைவும் உண்டு. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னர்தான், 2004 டிசம்பர் 26-இல், சுனாமி நம் கரையை அழித்தது. அப்போதும் யார் பாவத்துக்கு யார் மீது தண்டனை என்று எங்கோ தூரத்து ஊர்களில் விவாதம் நடந்தது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அந்த விவாதத்துக்குப் போகவில்லை. கரையோரத்து மீனவ மக்களுக்குச் சோறாக்கிக் கொண்டிருந்தார்கள்.

இனி இரண்டாவது பேச்சு. இதுதான் நம்மை நெடுநாள் உறுத்தியது. சுனாமிக்கு எச்சரிக்கை இல்லை. யாரும் யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. புயலுக்கு எச்சரிக்கை உண்டு. சொல்லியும் கேளாதவன் தன் முடிவைத் தானே தேடிக்கொண்டான் என்பது பார்வைக்கு நியாயமாகவே படுகிறது.

ஆனால் நியூ ஆர்லியன்ஸில் தங்கியவர்கள் யார் என்று பாருங்கள். அந்நகரின் வீடுகளில் கால் பங்குக்கு மேல் கார் இல்லாத வீடுகள். காரில்லாமல் கடைக்கும் போக முடியாத நாடு அது. மாதக் கடைசி வேறு. பணம் கைக்கு வரும் நாள் இன்னும் வரவில்லை. ஏறிப் போக வண்டியில்லை, தங்க விடுதிக்குக் காசில்லை, அழைத்துக்கொள்ள வெளியூரில் உறவில்லை. வெளியேறு என்ற உத்தரவு அவர்கள் காதிலும் விழுந்தது. வண்டிதான் வாசலுக்கு வரவில்லை. வெள்ளம் வடியுமுன் எடுத்த படம் ஒன்றைப் பலர் பார்த்திருப்பீர்கள்: நூற்றுக்கணக்கான பள்ளிப் பேருந்துகள் வரிசை கலையாமல், கூரைவரை நீரில் நின்றுகொண்டிருக்கும். ஓட்டுநர் இல்லை, ஏற்பாடு இல்லை. முந்திய ஆண்டுதான், 2004 ஜூலையில், இப்படியொரு சூறாவளி வந்தால் என்ன செய்வது என்று அதிகாரிகள் கூடி ஒத்திகையே பார்த்திருந்தார்கள்.

அந்தச் சுவர்களின் கதை அதைவிடக் கசப்பானது. நகரம் கிண்ணம்போல் தாழ்ந்து கிடப்பது. சுற்றிலும் கரைகளும் வெள்ளச் சுவர்களும் கட்டித்தான் வாழ்ந்து வந்தார்கள். சூறாவளியின் மையம் நகரத்துக்குச் சற்றுக் கிழக்கே கடந்தது. தப்பினோம் என்று திங்கள் காலையில் பலர் நெஞ்சில் கை வைத்தார்கள். ஆனால் கால்வாய்ச் சுவர்கள் உடைந்தன. தண்ணீர் மேலே வழிந்தோடி உடைத்தது சில இடங்களில். முக்கியமான சில இடங்களிலோ தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடுமுன்னரே அடிமண் நெகிழ்ந்து சுவர் சாய்ந்தது. வடிவமைப்பிலேயே பிழை என்று பின்னர் நடந்த ஆய்வுகள் கண்டன. சுவர் கட்டுபவன் கையில் ஊராரின் உயிர் அமானிதமாக இருக்கிறது. அமானிதத்தில் நேர்ந்த குறையை விதியின் கணக்கில் எழுதிவிடுவது நமக்கு எளிதாகிவிட்டது.

தப்பியவர்கள் சிலர் பாலத்தின் வழியே நடந்து ஆற்றைக் கடந்து போக முயன்றபோது, பக்கத்து ஊர்க் காவலர்கள் துப்பாக்கியுடன் மறித்துத் திருப்பியனுப்பியதும் நடந்தது. அதை இங்கே விவரிக்க மனமில்லை.

இங்கேதான் நமக்கு நூஹ் நபி (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது. தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகள் எச்சரித்தார்கள் என்பதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். இரவும் பகலும், வெளிப்படையாகவும் தனிமையிலும் சொன்னார்கள். ஆனால் வெள்ளம் வருவது உறுதியானபோது அவர்கள் மேலும் ஒரு முறை அறிவிப்புச் செய்துவிட்டு வீட்டில் அமரவில்லை. இறைக் கட்டளைப்படி மரக்கலம் கட்டினார்கள். கடல் இல்லாத இடத்தில் கப்பலா என்று போவோர் வருவோரெல்லாம் பரிகசித்தார்கள்; அதைச் சகித்துக்கொண்டு பலகை பலகையாக அடித்தார்கள். ஏற மறுத்த மகனைக் கூப்பிட்டபோது, ஏறிக்கொள்ளக் கலம் பக்கத்தில் இருந்தது. அதனால்தான் அந்த மகனின் மறுப்பு மறுப்பாகிறது. கலமே இல்லாமல், வெள்ளம் வருகிறது ஓடு என்று மட்டும் சொல்லியிருந்தால், அவன் மலையைத் தேடியதில் என்ன குற்றம் கண்டிருப்போம்?

அந்த மகன் மூழ்கிய பின்னர், "அப்போதே சொன்னேன்" என்று நூஹ் நபி (அலை) அவர்கள் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். என் குடும்பத்தானாயிற்றே என்று இறைவனிடம் முறையிட்டார்கள். அந்த முறையீடு ஏற்கப்படவில்லை. ஆனாலும் எச்சரித்தவரின் உள்ளம் எப்படி இருந்தது என்பது நமக்குத் தெரிகிறது.

இதை வைத்து வங்கக் கரையைப் பாருங்கள். 1970 நவம்பர் 12. ரமளான் மாதத்தின் நடுப்பகுதி. பௌர்ணமியை ஒட்டிய நாள், கடல் ஏற்றத்தில் இருந்தது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவிலும் சுற்றியிருந்த மணல் தீவுகளிலும் நோன்பு திறந்து தொழுது படுத்த மக்கள் மீது நள்ளிரவில் கடல் ஏறியது. இறந்தோர் 3 லட்சத்துக்குக் குறையாது. 5 லட்சம் என்பாரும் உண்டு. புயல் ஒன்று வருகிறது என்பது பெரும்பாலோருக்குத் தெரிந்தே இருந்தது, வானொலியில் சொன்னார்கள். உறுதியான கட்டடத்தில் தஞ்சம் புகுந்தவரோ மிகச் சொற்பம். புகுவதற்குக் கட்டடம் இருந்தால் அல்லவா புகுவது? தென்னையிலும் பனையிலும் ஏறிக் கட்டிப்பிடித்துத் தப்பியவர்களே பலர். மேலும், முந்திய மாதம்தான் ஒரு புயலுக்குப் பெரிய எச்சரிக்கை கொடுத்து, அது அஞ்சிய அளவுக்கு அடிக்காமல் போயிருந்தது. இதுவும் அப்படித்தான் என்று படுத்துவிட்டார்கள்.

துறைமுகங்களில் ஏற்றும் எண்களும் அந்நாளில் கப்பல்காரர்களுக்காக ஏற்பட்டவையே தவிர, குடிசையில் இருப்பவருக்காக ஏற்பட்டவை அல்ல. நம் நாகப்பட்டினத்திலும் பாம்பனிலும் 3-ஆம் எண் கூண்டு, 7-ஆம் எண் கூண்டு என்று செய்தி கேட்கிறோம்; அந்த எண்ணுக்கு என்ன பொருள், அதைக் கேட்டதும் வீட்டில் என்ன செய்வது என்று கேட்டால் விடை சொல்பவர் அரிது. புரியாத சொல்லால் சொல்லப்பட்டதைச் சொல்லியாயிற்று என்று கணக்கு வைக்கலாமா? ஒவ்வொரு சமூகத்துக்கும் அதனதன் மொழியிலேயே தூதர் அனுப்பப்பட்டார் என்பதை நாம் ஓதுகிறோம்.

அந்த அழிவுக்குப் பின் வங்கதேசம் பிறந்தது. 1972-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையுடன் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்று தொடங்கி, கிராமத்துக்குக் கிராமம் தொண்டர்களைப் பழக்கினார்கள். கொடி, கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி, சைக்கிள்: இவைதாம் அவர்கள் கருவி. பள்ளிவாசல் மைக்கும் சேர்ந்துகொண்டது. தூண்கள் மீது உயர்த்திய புகலிடக் கட்டடங்கள் மெல்ல மெல்ல எழுந்தன. போதிய அளவு எழுவதற்குள் 1991 ஏப்ரல் 29 வந்துவிட்டது. 1,38,000 பேர் வரை இறந்தனர்.

1991-இல் இறந்தவர்களில் இளவயதுப் பெண்கள் ஆண்களைவிடப் பல மடங்கு. இதைப் பற்றி நம் வீடுகளில் பேச வேண்டும். கணவர் வரட்டும், அவரைக் கேளாமல் எப்படி வெளியே போவது என்று காத்திருந்தவர்கள் உண்டு. அந்நிய ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும் புகலிடத்தில், ஒதுக்கிடமும் கழிப்பிடமும் இல்லாத இடத்தில், எப்படி இராத் தங்குவது என்று கூச்சப்பட்டுத் தங்கியவர்கள் உண்டு. குழந்தைகளை இடுப்பிலும் கையிலும் சுமந்தபடி, நனைந்த சேலை காலைச் சுற்ற, ஓட முடியாமல் போனவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்து நேரும்போது ஹராமான உணவுகூட அளவோடு ஆகும் என்று விட்டுக்கொடுக்கிற மார்க்கம் நம்முடையது. ளரூரத் என்ற சொல்லை ஹஜ்ரத்துமார் எத்தனை மஸ்அலாவில் விளக்குகிறார்கள்! அந்தச் சொல் அடுப்பங்கரைக்கு வந்து சேரவில்லை. புயல் வந்தால் யாரிடமும் கேட்க வேண்டாம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பு என்று எந்தக் கணவர் தம் மனைவியிடம் முன்னதாகச் சொல்லி வைத்திருக்கிறார்? அந்தப் பெண் மார்க்கத்தை மீறத் துணியாமல் இருந்தாள் என்பதா, மார்க்கத்தை அவளுக்குப் பாதியளவே சொல்லிக் கொடுத்தோம் என்பதா? குற்றம் முழுவதும் ஆண்கள் மீதே என்று சொல்ல வரவில்லை. அவர்களில் பலர் மாட்டை அவிழ்த்துவிடப் போய் மாண்டார்கள். ஆனால் பெண்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கி, ஒரு கழிப்பிடம் கட்டினாலே காப்பாற்றக்கூடிய உயிர்களுக்குப் பின்னால் விதியைக் காட்டுவது நமக்கு அடுக்காது.

2020 மே 20. 'அம்ஃபான்' புயல். மறுபடியும் ரமளான்; இம்முறை கடைசிப் பத்து. கொள்ளைநோய்க் காலம் வேறு. வங்கதேசத்தில் 24 லட்சம் பேரைப் புகலிடங்களுக்குக் கொண்டு சேர்த்தார்கள். அந்நாட்டில் உயிரிழந்தோர் சில பத்துப் பேர். புயலின் மையம் மேற்கு வங்கக் கரையில் ஏறியது, எல்லாப் புயலும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே கடலோரத்தில் இதே மாதத்தில் நடந்ததை அறிந்தவனுக்கு இந்த எண்கள் சாதாரணமாகத் தோன்றா.

வராத புயலுக்கு ஓடியவர்களின் கேள்வி ஒன்று நிற்கிறது. கத்ரீனாவுக்கு மூன்று வாரம் கழித்து 'ரீட்டா' வந்தது. அஞ்சிப் போன டெக்சாஸ் மக்கள் லட்சக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். வெயிலிலும் நெரிசலிலும் விபத்திலும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். முதியோரை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று தீப்பிடித்து 23 பேர் மடிந்தனர். புயலோ அவர்கள் அஞ்சிய ஹூஸ்டன் நகரை நேராகத் தாக்கவில்லை. எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பதும் இலவசமன்று. ஒரு நாள் கூலி போகிறது, ஆடு போகிறது, பூட்டிய வீட்டில் திருடன் நுழைகிறான். மறுமுறை எச்சரிக்கும்போது அந்த மனிதர் தயங்கினால் அவரை மூடர் என்பது எளிது. யூனுஸ் நபி (அலை) அவர்களின் சமூகத்தை நினைத்துப் பார்க்கிறோம். எச்சரிக்கை வந்தது, அவர்கள் செவிசாய்த்தார்கள், வேதனை நீக்கப்பட்டது. அதனால் அந்த எச்சரிக்கை பொய்யாகிவிட்டதா? புயல் திரும்பிப் போன மறுநாள் வானிலை அதிகாரியைக் கேலி பேசுவோர் இதைச் சற்று எண்ணலாம்.

"எழுதியது நடக்கும், எங்கே போனாலும் மவுத்து தேடி வரும்" என்று சொல்லி அசையாமல் இருக்கும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யன்று. அதன் பாதி மட்டுமே. உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பது கேட்டுத் திரும்ப முடிவு செய்தபோது, இறைவனின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்களே கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே போகிறோம் என்னும் கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடை பகர்ந்தது கிதாபுகளில் பதிவாகியிருக்கிறது. பெருங்காற்று எழும்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும். உள்ளே வருவார்கள், வெளியே போவார்கள். மழை பெய்த பின்னரே தெளிவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தவக்குலில் அவர்களை மிஞ்சியவர் யார்? அவர்களே அமைதி இழந்தார்கள் என்றால், புயல் இரவில் குறட்டை விடுவதை நாம் தவக்குல் என்று அழைக்கத்தான் வேண்டுமா?

இவ்வளவும் எழுதியபின், வாகனம் வாசலில் நின்றும் ஏற மறுப்பவரைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று கேட்கலாம். கேட்டவர் நம் வீட்டிலேயே இருக்கிறார். நாம் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: மூன்று முறை கெஞ்ச வேண்டும்; நான்காம் முறை அவருடைய பேரனை அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அவர் மறுப்பது புயலை நம்பாததால் அன்று. திரும்பி வரும்போது வீடு இருக்காது என்பதை நம்புவதால். அதற்கு மேலும் தங்கி இறந்தால் அவருடைய ஜனாஸாவைத் தொழுவோம், தீர்ப்புச் சொல்லமாட்டோம்.

சென்ற ஐப்பசியில் மஃரிபுக்குப் பின் நம் மஹல்லாக்காரர் சிலர் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். தாமாக நடந்து வெளியேற இயலாதவர் எத்தனை பேர் என்று பார்த்ததில் பதினொருவர் வந்தார்கள். அவர்களில் ஆறு வீடுகளில் ஆண்மக்கள் ஊரில் இல்லை. துபாயிலும் ரியாத்திலும் இருக்கிறார்கள். இரண்டு வீட்டுப் பெண்களின் தொலைபேசி எண் நம் ஒருவரிடமும் இல்லை. அதை யார் வீட்டுப் பெண்ணை அனுப்பிக் கேட்பது என்று ஒரு பேச்சு நடந்தது. யாரிடம் வேன் இருக்கிறது, இராப்பொழுதில் கூப்பிட்டால் ஓட்டி வருவாரா, மதரஸா மாடியைப் பெண்களுக்கு ஒதுக்கினால் அங்கே கழிப்பிடத்துக்குத் தண்ணீர் ஏறுமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே இஷாவுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். எட்டு வீடுகளுக்கு ஆள் குறித்தாயிற்று. மூன்று வீடுகள் இன்னும் மீதி இருக்கின்றன.